கமிஷனர் ஊரும் எஸ்.பி. ஊரும்: சென்னைக் காவல் துறையில் யாரிடம் எதற்குப் போவது?

அம்பத்தூரில் வீடு வைத்திருப்பவர் சொத்துவரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. அதே வீட்டில் திருடு போனால் புகார் போய்ச் சேருவது ஆவடி போலீஸ் கமிஷனரின் எல்லைக்குள். மாநகராட்சி எல்லை வேறு, போலீஸ் எல்லை வேறு. 2022 ஜனவரியில் பெருநகர சென்னைக் காவல் துறையிலிருந்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு கமிஷனரேட்டுகள் பிரிந்ததிலிருந்து புறநகர்வாசிகளுக்கு இந்தக் குழப்பம் தீரவில்லை. வேப்பேரியில் உள்ள சென்னை கமிஷனர் அலுவலகம் வரை மனுவோடு போய்விட்டு, "இது எங்க லிமிட் இல்லைங்க" என்று கேட்டுத் திரும்புவது வீண் அலைச்சல்.

சரி, கமிஷனரேட் என்றால் என்ன? மாவட்டங்களில் போலீசுக்குத் தலைவர் எஸ்.பி. ஆனால் ஊரில் கலவரம் வரும் என்று 144 போட வேண்டுமானால் (புதிய சட்டத்தில் அது 163ஆம் பிரிவு) உத்தரவு கலெக்டரிடமிருந்தோ ஆர்.டி.ஓ., தாசில்தார் போன்ற நிர்வாக நடுவரிடமிருந்தோ (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) வரும். கமிஷனர் உள்ள நகரத்தில் அந்த நடுவர் அதிகாரமும் கமிஷனர் கையிலேயே இருக்கிறது. குண்டர் சட்டமும் அப்படித்தான். ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கும் உத்தரவில் மாவட்டத்தில் கலெக்டர் கையெழுத்துப் போடுகிறார், சென்னையில் கமிஷனர் போடுகிறார். அதை அரசு 12 நாளுக்குள் அங்கீகரிக்காவிட்டால் உத்தரவு செல்லாது.

போலீஸ் கேட்பதை இன்னொரு துறைக்காரர் ஒருமுறை பார்த்துச் சரி சொல்லும் ஏற்பாடு மாவட்டத்தில் இருக்கிறது, மாநகரத்தில் இல்லை. வேகம் கூடும், தடுப்பு குறையும் என்பது என் கணக்கு. தமிழ்நாட்டில் துணை கமிஷனர்களுக்கும் அரசாணை மூலம் நடுவர் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். நன்னடத்தைப் பிணை (ஒழுங்காக நடந்துகொள்வேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதி வாங்குவதும், அதை மீறினால் சிறைக்கு அனுப்புவதும் அவர்களே. 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அரசாணைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஜார்ஜ் டவுனின் ஊர்ப்பெயர்களே சாட்சி. கும்பெனி காலத்துத் தொடக்கத்தில் சென்னப்பட்டணத்தின் காவல் 'பெத்த நாயக்கர்' என்ற பரம்பரைப் பதவிக்காரரிடம் இருந்தது. அவருக்குக் கீழே தலையாரிகள். ஊருக்குள் வரும் சரக்கில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. பதிலுக்கு, களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். (இன்றைக்கு இப்படி ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும்!) பெத்துநாயக்கன்பேட்டை அந்தப் பதவியின் பெயர்தான். சந்தையையும் விலையையும் கண்காணித்த கொத்தவாலின் நினைவாக நிற்பது கொத்தவால் சாவடி.

1806இல் வால்டர் கிராண்ட் முதல் போலீஸ் சூப்பிரண்டெண்டாக அமர்த்தப்பட்டார். கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றுக்கும் சேர்த்து 1856இல் வந்த சட்டம் கமிஷனர் பதவியைக் கொண்டுவந்தது. மதராஸுக்கு முதலில் வந்தவர் போல்டர்சன். மாவட்டப் போலீசுக்கு 1859இல் தனிச் சட்டம், மதராஸ் நகரத்துக்கு 1888இல் தனிச் சட்டம். கமிஷனர் ஊர், எஸ்.பி. ஊர் என்ற பிரிவு அப்போதே வந்துவிட்டது. 1888ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் சென்னையில் நடைமுறையில் உள்ளது. கூட்டம், ஊர்வலம் நடத்த ஐந்து நாள் முன்னதாகப் போலீசில் மனுக் கொடுக்கச் சொல்வதெல்லாம் அதன் 41ஆம் பிரிவை வைத்துத்தான். கமிஷனர் போடும் தடை 15 நாளுக்கு மேல் நீள வேண்டுமானால் அரசின் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் செய்தித்தாளில் '15 நாட்களுக்குத் தடை' என்று திரும்பத் திரும்ப வருகிறது. மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லை, திருப்பூர் ஆகியவை பின்னால் இந்த முறைக்கு வந்தவை.

முதல் இந்தியக் கமிஷனர் பராங்குசம் நாயுடு, 1919இல். முதல் பெண் கமிஷனர் லத்திகா சரண் வர 2006 ஆயிற்று. எழும்பூர் பாந்தியன் சாலையில் இருந்த பழைய கமிஷனர் அலுவலகம் 2021 முதல் காவல் அருங்காட்சியகம்.

இப்போது ஏணிக்கு வருவோம். மேலே கமிஷனர், அடுத்து கூடுதல் கமிஷனர்கள், இணை கமிஷனர்கள், துணை கமிஷனர்கள், உதவி கமிஷனர்கள், அப்புறம் நிலையத்தில் இன்ஸ்பெக்டர். மாவட்டத்தோடு ஒப்பிட்டால் துணை கமிஷனர் எஸ்.பி.க்குச் சமம், உதவி கமிஷனர் டி.எஸ்.பி.க்குச் சமம். பொதுமக்களுக்கு முக்கியமானவர் துணை கமிஷனர். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர், பூக்கடை, புளியந்தோப்பு என்று ஒவ்வொரு காவல் மாவட்டமும் ஒரு துணை கமிஷனர் பொறுப்பு. நிலையப் பெயருக்கு முன்னால் 'டி-1 திருவல்லிக்கேணி', 'இ-1 மயிலாப்பூர்' என்று எழுத்தும் எண்ணும் இருக்கும். மனுவில் அதையும் எழுதிவிடுங்கள்.

சென்னை நிலையங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு இன்னொருவர். அடிதடி முதலாமவரிடம், திருட்டு இரண்டாமவரிடம். போக்குவரத்து தனி. வரதட்சணை, குடும்ப வன்முறை போன்றவற்றுக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம், அதில் முதலாவது 1992இல் ஆயிரம் விளக்கில் வந்தது. பெரிய பண மோசடி, நில மோசடி மத்தியக் குற்றப்பிரிவுக்குப் போகும். இணையத்தில் பணம் பறிபோனால் ஏணியெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

புகார் கொடுத்ததும் ரைட்டர் ஒரு ரசீது தருவார், சி.எஸ்.ஆர். பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமென்றால் எந்த நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். அம்பத்தூர்க்காரரும் அவசரத்துக்கு எழும்பூரில் கொடுக்கலாம், அங்கிருந்து அவர்களே மாற்றி அனுப்புவார்கள். நிலையத்தில் பதிய மறுத்தால் அதே பிரிவின்படி விவரத்தை எழுதித் துணை கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. அங்கே முதலில் கேட்பது அந்தத் தபால் ரசீதைத்தான், பத்திரமாக வைத்திருங்கள்.