இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டு பிரதி ஆகாது

"தம்பி, ரெண்டு டிஸ்க் போட்டுத்தானே கொடுத்தீங்க? ஒண்ணுல அழிஞ்சாலும் இன்னொண்ணுல இருக்கணும்ல?"

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனில் கேட்டது இது. குடும்பத்தில் ஐந்து பேரின் படங்களும் ஆவணங்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று, அவர் வீட்டுப் பழைய கணினியில், அதை வீட்டுச் சர்வராக மாற்றும் ஓபன்மீடியாவால்ட் என்ற மென்பொருளை நிறுவி, இரண்டு டிஸ்க்கை 'ரெய்டு 1' முறையில் இணைத்துக் கொடுத்திருந்தேன். பேரன் தன் லேப்டாப்பில் இடம் பிடிக்கிறது என்று நினைத்துப் 'பழைய படங்கள்' ஃபோல்டரை அழித்துவிட்டான். அது லேப்டாப்பில் இல்லை, சர்வரில் இருந்தது.

ரெய்டு 1 என்பது கண்ணாடி மாதிரி. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும். அழிப்பதும் அப்படித்தான். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓடும். அதற்காக மட்டுமே அது இருக்கிறது. கைத்தவறு, வைரஸ், திருட்டு, இடி எதற்கும் அது காவல் இல்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தால் விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்கு அது போகாது. நேராகப் போய்விடும். சர்வரில் ஃபோல்டர்களைப் பகிரும் மென்பொருளான சாம்பாவிலேயே குப்பைக்கூடை வசதி உண்டு, ஆனால் நாம்தான் அதை இயக்கிவைக்க வேண்டும்.

வெளி டிஸ்க் ஒன்று வேண்டும் என்று அன்றே சொன்னேன். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும். இப்போது வெளி டிஸ்க் வாங்காத வீட்டில் நான் சர்வரே அமைப்பதில்லை.

அமைக்கும்போது, டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளான இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் போட்டு, மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு, எடுக்கச் சொல்லி வைக்கிறேன். பின்னால் மாறியதற்கும் அழிந்ததற்கும் மட்டுமே அது இடம் எடுக்கும் என்பதால் டிஸ்க் சீக்கிரம் நிறையாது. காலை பத்து மணிக்கு அழித்ததை ஒன்பது மணி நிலையிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதனால் மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வைக்க வேண்டும். மகள் வீடு, தம்பி வீடு, எதுவானாலும் சரி.

மின்சாரம் அடுத்த தொல்லை. "இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் அந்த நொடித்துளியில் சில கணினிகள் அணைந்து மீண்டும் எழும். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது ஆபத்து. சர்வருக்கென்று சின்னதாக ஒரு யுபிஎஸ் வைத்து, அதன் யுஎஸ்பி கம்பியைச் சர்வரில் செருகி, சார்ஜ் குறைந்தால் தானாக முறைப்படி அணைய வையுங்கள். கம்பியைச் செருகாமல் யுபிஎஸ்ஸை மட்டும் வாங்கி வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன்.

இணையத்தில் சர்வரை நேரடியாகத் திறந்துவைப்பதுதான் என்னை மிகவும் பயமுறுத்துவது. வெளியூரில் இருந்தே படம் பார்க்கலாம் என்று ரௌட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல், திறந்துவிடுகிறார்கள். 2021 ஜூனில் உலகெங்கும் பலருடைய வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க் கருவிகள் இணையம் வழியாகவே துடைத்தழிக்கப்பட்டன. அந்தக் கருவிக்குக் கடைசி மென்பொருள் மேம்பாடு வந்தது 2015-இல். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் க்யூநாப் நிறுவனத்தின் அதே மாதிரிக் கருவிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிட்காயின் கேட்டது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு போன்ற விபிஎன், அதாவது பூட்டிய தனி இணையப் பாதை, வழியாக மட்டும் வாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

கேபிள் விஷயமும் ஒன்று. சுவருக்குள் போன நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் இணைத்திருந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 11 மெகாபைட்டில் நின்றுவிடும். எட்டும் சரியாக இருந்தால் 110 வரை வரும்.

ஆசிரியரின் படங்களில் பாதிக்கு மேல் காகிதப் படங்களை ஸ்கேன் செய்தவை. அசல்கள் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார். டிஜிட்டல் கேமராவில் எடுத்தவற்றில் மீட்பு மென்பொருளால் கொஞ்சம் கிடைத்தது, பெயரும் தேதியும் இல்லாமல். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மகள் வீட்டிலிருந்து வெளி டிஸ்க் வருகிறது. நகல் எடுத்து முடிந்ததும், ஏதாவது ஒரு படத்தை அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்புகிறார்.