மாணவருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்

கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், கோவையில் நான் நடத்திவரும் மின் இருசக்கர வண்டி சர்வீஸ் நிலையத்துக்குப் பழுதான வண்டியோடு வருபவர்களுக்கு இணையாக, புதிய வண்டி வாங்கும் முன் யோசனை கேட்டுப் பெற்றோரும் மாணவர்களும் வருகிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் ஐம்பதாயிரம் முதல் எழுபதாயிரம் ரூபாய். எந்த வண்டி மலிவு என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. நீங்கள் பார்த்துவிட்டு வந்த வண்டியில் என்ன பேட்டரி இருக்கிறது என்று நான் கேட்டால், பலருக்குப் பதில் தெரிவதில்லை. நிறம், டிஸ்ப்ளே, புளூடூத், ரிவர்ஸ் வசதி ஆகிய அனைத்தையும் ஷோரூமில் காட்டியிருப்பார்கள். இருக்கைக்கு அடியில் உள்ள பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டை மட்டும் யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். மின் வண்டியின் உறுப்புகளிலேயே விலை அதிகமானது பேட்டரி என்பதால், ஒரு வண்டி மற்றொன்றைவிடப் பதினைந்தாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்றால், அந்தக் குறைவு அநேகமாகப் பேட்டரியிலிருந்துதான் வந்திருக்கும்.

இந்த விலையில் கிடைக்கும் வண்டிகளில் லெட் ஆசிட், லித்தியம் என இரண்டு வகைப் பேட்டரிகள் வருகின்றன. லெட் ஆசிட் என்றால், 12 வோல்ட் பேட்டரிகள் நான்கோ ஐந்தோ வரிசையாக இணைக்கப்பட்டு 48 அல்லது 60 வோல்ட்டாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஆறு, ஏழு கிலோ எடையுள்ளதால் முழுத் தொகுப்பும் ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதிக்கு மேல் கனக்கும். முழுவதும் தீர்த்துத் தீர்த்து ஏற்றினால் ஏறத்தாழ முந்நூறு சுழற்சிகளில் (ஒரு முறை ஏற்றித் தீர்ப்பது ஒரு சுழற்சி) அதன் கொள்ளளவு வெகுவாகத் தேய்ந்துவிடும். தினமும் கல்லூரிக்கு ஓட்டும் மாணவருக்கு அது ஓர் ஆண்டோ, ஒன்றரை ஆண்டோதான். அதன்பின் புதிய தொகுப்பு வாங்க இன்றைய விலையில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நான்காண்டுப் படிப்பு முடிவதற்குள் இரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்தால், மலிவாகத் தெரிந்த வண்டி லித்தியம் வண்டியின் விலைக்கு அருகில் வந்து நின்றுவிடும். லித்தியத்திலும் எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை, மற்ற வகைகளைவிடச் சூட்டைத் தாங்கக்கூடியது. நன்றாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளுக்கு உழைக்கும். நம் ஊர் வெயிலில் நிழலற்ற கல்லூரி வாகன நிறுத்தத்தில் பகல் முழுவதும் நிற்கப்போகும் வண்டிக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

மாணவர்களின் பேட்டரிகள் மற்றவர்களுடையதைவிட விரைவில் கெடுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அது செமஸ்டர் விடுமுறை. தேர்வின் கடைசி நாளில் சார்ஜ் ஏறக்குறைய தீர்ந்த நிலையில் விடுதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் வண்டி உயிர் பெறுவதில்லை. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இன்றிக் கிடக்கும்போது அதன் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது. அதன்பின் எத்தனை மணி நேரம் சார்ஜரில் வைத்தாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. லித்தியம் பேட்டரியிலும், அதைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகையே சிறிது சிறிதாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருப்பதால், காலியாக விடப்பட்ட பேட்டரி ஒரு கட்டத்தில் சார்ஜை ஏற்க மறுத்துவிடும். லெட் ஆசிட் என்றால் முழுவதும் ஏற்றிவிட்டு, ஊரில் இருக்கும் காலத்தில் இடையில் ஒரு முறையாவது மீண்டும் ஏற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். லித்தியம் என்றால் பாதிக்குச் சற்று மேலாக ஏற்றி, வண்டியில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்துவிட்டுச் செல்வது நல்லது. வாரண்டி அட்டையைப் படித்துப் பாருங்கள்; நீண்ட நாள் சார்ஜ் செய்யாமல் விட்டதால் ஏற்படும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று பலவற்றில் அச்சிட்டிருக்கும்.

அடுத்தது, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் என்ற கேள்வி. விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டியதில்லை. பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 60 வோல்ட், 26 ஆம்பியர்-மணி என்றால் 1,560 வாட்-மணி. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் குறைவேக ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 வாட்-மணி எடுத்துக்கொள்ளும். பின்னால் ஒருவர் அமர்ந்தாலோ, மேம்பாலங்கள் மிகுந்த பாதையாக இருந்தாலோ இன்னும் கூடும். லெட் ஆசிட் பேட்டரியின் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சி ஓட்டினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியானால் அந்த வண்டி நம்பி ஓட்டக்கூடிய தூரம் 40 கிலோமீட்டர். அதே அளவு லித்தியத்தில் 50 கிலோமீட்டரைத் தாண்டலாம். பேட்டரி ஆண்டுதோறும் தேயும் என்பதால், தினமும் போய்வரும் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது புதிய வண்டி ஓட வேண்டும் என்பது என் கணக்கு.

சட்டத்தைப் பற்றித் தெளிவு வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் ஒப்புதலையும் பெற்ற இரு சக்கர மின் வண்டி, மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அதற்கு லைசென்ஸோ பதிவோ தேவையில்லை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மனேசரில் உள்ள ஐ.சி.ஏ.டி. போன்ற அமைப்புகள் இந்த ஒப்புதலை வழங்குகின்றன. நீங்கள் வாங்கும் மாடலுக்கு உரிய சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதலைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றும் கடையில் வாங்க வேண்டாம்.

இங்கேதான் எனக்கு மிகுந்த கவலை தரும் பழக்கம் ஒன்று நடக்கிறது. வண்டி மெதுவாகப் போகிறது என்று மாணவர் தயங்கினால், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரில் உள்ள ஒரு வயரைத் துண்டித்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு லாக்கை எடுத்துவிடலாம் என்று சில கடைகளில் சொல்லித் தருகிறார்கள். லாக் எடுக்கப்பட்ட அந்த நொடியிலிருந்து அது லைசென்ஸ் தேவைப்படாத வண்டி அன்று. பதிவும் காப்பீடும் இல்லாமல் சாலையில் ஓடும் மோட்டார் வாகனம். யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். ஓட்டியவருக்கு 18 வயது நிறையவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும்; அந்த மாணவர் 25 வயது வரை லைசென்ஸ் பெறவும் முடியாது. 25 கிலோமீட்டர் வேகம் போதாது, அவிநாசி சாலை போன்ற வேகமான சாலையில்தான் தினமும் செல்ல வேண்டும் என்றால், 18 வயது வரை பேருந்தில் சென்றுவிட்டு, அதன்பின் லைசென்ஸ் எடுத்து, பச்சை நிறப் பதிவெண் பலகையுடன் வரும், பதிவு செய்யப்பட்ட மின் வண்டியை வாங்குவதே சரி. வேக வண்டிகளின் இடையே மெதுவான வண்டி செல்வதும் ஆபத்தே. சட்டம் எந்த வண்டிக்கு என்ன விலக்கு அளித்திருந்தாலும், ஹெல்மெட் இல்லாமல் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சார்ஜ் ஏற்றும் இடத்தை வண்டி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றப்பட்ட மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பின், பதிவுக்குரிய மின் வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டது. குறைவேக வண்டி வாங்குபவரும், அதன் பேட்டரி இந்தத் தரத்தின்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்பதில் தவறில்லை. வாசல் கதவுக்கு அருகிலும் மாடிப்படியின் கீழும் சார்ஜ் ஏற்றக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். வெயிலில் ஓட்டிவந்த வண்டி ஆறிய பின்பே சார்ஜரைச் செருக வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையன்றி வேறொன்றைப் பயன்படுத்தக் கூடாது. விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கியிருப்பவர், வண்டி நிறுத்தும் இடத்தில் எர்த் இணைப்புள்ள பிளக் உண்டா, உரிமையாளர் அனுமதிப்பாரா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால் கழற்றி எடுக்கக்கூடிய லித்தியம் பேட்டரிதான் ஒரே வழி. அதையும் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்து, தூங்கும் நேரத்தில் ஏற்ற வேண்டாம்.

ஐந்தாறு கிலோமீட்டருக்குள் கல்லூரி உள்ளவர்களுக்கு மின்சார சைக்கிளே போதும். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி பேட்டரி 280 வாட்-மணி தரும். மிதித்துக்கொண்டே சென்றால் 25 கிலோமீட்டரை எளிதாக எட்டலாம். சார்ஜ் தீர்ந்தாலும் வீடு வந்து சேரலாம் என்பது ஸ்கூட்டரில் இல்லாத வசதி.

படிப்பு முடித்த சீனியர்களிடம் பழைய வண்டி வாங்குபவர்கள், டிஸ்ப்ளேயில் நூறு சதவீதம் காட்டுகிறதே என்று திருப்தியடையக் கூடாது. முழுவதும் ஏற்றிய வண்டியில் இருவராக அமர்ந்து ஒரு மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். ஏறும்போது சதவீதம் சட்டென்று விழுந்து, இறங்கியதும் மீண்டும் உயர்ந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டுதான் வண்டிக்கு விலை பேச வேண்டும். அந்த மாடலுக்குப் பேட்டரியும் கன்ட்ரோலரும் இன்னும் கிடைக்கின்றனவா என்று உங்கள் ஊர் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே முன்பணம் கொடுங்கள்.