பூத்துக் கொட்டும் பிளம்ஸ் மரம்

தை கடைசியில் பிளம்ஸ் பூக்கும். மாசி நடுவில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "மரம் முழுக்கப் பூத்தது சார், ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை." கொடைக்கானல் மலையில் பழச்செடி ஒட்டுக் கட்டுவதுதான் என் தொழில். அழைப்பவர்களில் பலர் அதற்குள் யூரியாவைக் கொட்டி முடித்திருப்பார்கள்.

சென்ற ஆண்டு வில்பட்டியில் ஒரு வீட்டுக்குப் போனேன். நன்கு முதிர்ந்த மரம், வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோலப் பூத்திருந்தது. வேலியோரம் காலி உரப்பை கிடந்தது. "மூன்று வருடம் முன்பு வரை கூடை கூடையாகக் காய்த்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்றார் அந்த அம்மா. வேலிக்கு அப்பால் புதிய மாடிவீடு ஒன்று எழும்பியிருந்தது. அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். "அவர்களும் ஒரு பிளம்ஸ் வைத்திருந்தார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது வெட்டிவிட்டார்கள்."

திருஷ்டிக் கணக்கு அங்கேயே தீர்ந்தது.

நம் மலைகளில் வளர்வது பெரும்பாலும் ஜப்பானிய வகைப் பிளம்ஸ். அதில் பல ரகங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கு உதவாது. அதே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். ஒரே ரகத்தில் பத்து ஒட்டுச் செடி நட்டாலும் பயனில்லை. பத்தும் ஒரு தாய்மரத்தின் துண்டுகள்தானே. சாண்டா ரோசா போன்ற சில ரகங்கள் தனியாகவும் ஓரளவு காய்க்கும். யூரியாவின் தழைச்சத்து இலையையும் கிளையையும்தான் வளர்க்கும்.

உடனடி வைத்தியம் ஒன்று உண்டு. வேறு ரக மரத்திலிருந்து மொட்டும் பூவுமாக நான்கைந்து கிளைகளை வெட்டி, தண்ணீர் வாளியில் நிறுத்தி மரத்தடியில் வைத்தேன். அந்த அம்மா என்னைப் பூசாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பூ உதிரும்வரை எந்தப் பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தேனீ செத்தால் வாளியால் பயனில்லை. மூடுபனியும் மழையும் விடாத வாரத்தில் தேனீ வெளியே வராது. அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.

நிரந்தர வழி, இலையுதிர்ந்த மரத்தில் ஒரு கிளைக்கு மட்டும் வேறு ரகத்தை ஒட்டுவது. பென்சில் பருமனில் ஒரு வயதுக் குச்சி போதும்.

கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்தும் அப்போதுதான். ஒரு வேண்டுகோள்: பழைய கிளைகளில் விரல் நீளத்துக்கும் குறைவாக, முடிச்சு முடிச்சாக நிற்கும் குறுங்கிளைகளை அழகுக்காக வழித்துவிடாதீர்கள். பழம் பெரும்பாலும் அவற்றில்தான் பிடிக்கும். வெட்டவேண்டியவை ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்கள். இங்கே பிளம்ஸைப் பீச் வேர்ச்செடியில் ஒட்டுவது வழக்கம். குறுகலாக, நீளமாக இலை விட்டால் அது பீச். அதை விட்டுவைத்து, "பிளம்ஸ் வாங்கினேன், பீச் காய்க்கிறது" என்று நாற்றுக்காரனிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

வில்பட்டி மரத்தில் அந்த மே மாதம் வாளி வைத்த பக்கத்தில் மட்டும் காய் பிடித்திருந்தது. ஜனவரியில் ஒட்டுக்குச்சியோடு போனபோது, உரப்பையைக் கிழித்துக் கட்டுநாடாவாக அந்த அம்மாவே எடுத்து வைத்திருந்தார்.