குளிசையின்ர பேருக்கு ஒரு வால் இருக்கு

போன கிழமை அம்மம்மாவின்ர கிளினிக் கொப்பியைத் தேடப்போய் அவவின்ர மருந்துச் சொப்பிங் பையை அப்பிடியே பாயில கொட்டினன். ஏழு பேப்பர் கவர், ஒரு முழு மட்டை, அதோட பேர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டுப்போன ஒரு மட்டைத்துண்டு. எது என்னத்துக்கு எண்டு கேட்டா, "சின்ன வெள்ளை பிறஷருக்கு, பெரிய வெள்ளை சீனிக்கு, மற்ற வெள்ளை..." எண்டு இழுத்தா. எல்லாமே வெள்ளைதான்.

நிறத்தைப் பாத்து ஒண்டும் பிடிக்கேலாது, பேரின்ர வாலைப் பாக்கோணும். ஒரே மாதிரி வேலை செய்யிற மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரே வாலை ஒட்டித்தான் பேர் வைக்குது. 'சார்டன்' எண்டு முடிஞ்சா பிறஷருக்கு ஒரு குடும்பம், 'ப்ரில்' எண்டா அதின்ர ஒண்டவிட்ட சகோதரம், 'ஸ்டட்டின்' கொலஸ்ட்ரோலுக்கு, 'சிலின்' கிருமிக்கு. கொம்பனி வைக்கிற பிராண்ட் பேரில உந்த வால் இராது, அதுக்குக் கீழ சின்ன எழுத்தில கிடக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில மருந்தின்ர சொந்தப் பேரே புழங்குது எண்டா அதில செனக பிபிலேக்குப் பெரிய பங்கு இருக்கு, 1971இல தொடங்கின இலங்கை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின்ர முதல் தலைவர், பிராண்டை விட்டுட்டு மருந்தின்ர பேரில வாங்குங்கோ எண்டு நிண்ட மனுசன்.

வாலைப் பாத்தபடியாத்தான் எனக்குத் திக்கெண்டது. கவரில லொசார்டன். முழு மட்டையைத் திருப்பினா டெல்மிசார்டன். கொப்பியைக் கொண்டுபோகாம ரவுணில ஒரு பிரைவேட் டொக்டரிட்டப் போயிருக்கிறா, அவரும் பிறஷருக்கு எழுதியிருக்கிறார், இவ ரெண்டையும் சேத்து விழுங்கிக்கொண்டு இருக்கிறா.

பிறஷர் இறங்கினா கிட்னி ரெனின் எண்டொரு சாமானை விடும். அது ஈரல் செய்து விட்ட புரதமொண்டை வெட்ட அஞ்சியோரென்சின் ஒண்டு வரும், அதை ஒரு நொதியம், கூடுதலா நுரையீரலில இருந்து, அஞ்சியோரென்சின் ரெண்டா மாத்தும், இந்த ரெண்டாவதுதான் ஆள். இரத்தக்குழாயில இருக்கிற வாங்கியில (பள்ளிக்கூடத்தில படிச்ச அதே வாங்கிதான், இங்கிலிசில ரிசெப்டர்) போய்க் குந்தினா குழாய் இறுகும், உப்பையும் தண்ணியையும் உடம்பு விடாமப் பிடிச்சு வைக்கும், பிறஷர் ஏறும். சார்டன் என்ன செய்யுதெண்டா முந்திப்போய் அந்த வாங்கியில லேஞ்சி போட்டு சீட் பிடிக்குது, அவ்வளவுதான். ப்ரில் குடும்பம் அதுக்கும் முந்தி, அந்த நொதியத்தையே மறிச்சுப்போடும்.

ப்ரில்லின்ர கதை பாம்பில தொடங்குது. வயலுக்க காலை வச்சா புடையனுக்குப் பயப்பிடுற எங்களுக்கு இது விளங்கும். பிரேசிலில புடையன்ர தூரத்துச் சொந்தம் ஒண்டு இருக்கு, கடிச்சா பிறஷர் விழும். ஏனெண்டு 1960களில செர்ஜியோ ஃபெரெய்ரா ஆராய்ஞ்சு, அந்த விஷத்தில இருந்து எடுத்ததை இங்கிலாந்தில ஜோன் வேனின்ர ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். அந்த வழியில வந்த கப்டோப்ரில்லுக்கு 1981இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சுது. அதே நொதியம் பிராடிகைனின் எண்டதையும் உடைக்கிறது, மறிச்சா அது சேந்து சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அப்பிடியான ஆக்களைத்தான் டொக்டர்மார் சார்டனுக்கு மாத்திறது.

அந்த வெட்டுப்பட்ட துண்டு? "உது முழங்கால் நோவுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளை தந்தது." போய்க் கேட்டன், டைக்ளோஃபெனக்.

உதுதான் எனக்குக் கூடப் பயம். நோவையும் வீக்கத்தையும் ஏத்திற புரொஸ்ரகிளாண்டினை உடம்பு செய்யவிடாம மறிக்கிற கூட்டம் இது, அஸ்பிரின், ஐபுபுரோஃபன் எல்லாம் இதுக்குள்ளதான். அஸ்பிரின் இப்பிடித்தான் வேலை செய்யுதெண்டு 1971இல காட்டினதும் அதே ஜோன் வேன், 1982இல நோபலும் எடுத்தார். ஆனா அந்தப் புரொஸ்ரகிளாண்டின்தான் வயித்தின்ர உள்தோலையும் காக்கிறது, கிட்னிக்கு இரத்தம் போற வழியையும் திறந்து வைக்கிறது.

ஒரு கிட்னிக்குள்ள கிட்டத்தட்ட பத்து இலட்சம் சின்ன வடிகள் இருக்கு. ஒவ்வொண்டையும் ஒரு வயல் துண்டு எண்டு நினையுங்கோ. உள்ள வாற வாய்க்காலைத் திறந்து வச்சு வெளிய போற வாய்க்காலைக் கொஞ்சம் கட்டினாத்தான் நடுவில தண்ணி நிண்டு ஊறும், வடியும் அப்பிடித்தான். சார்டன் வெளிவாய்க்காலைத் தளத்தும், அது தனிய எண்டா பெரிய பிரச்சினை இல்லை, சீனி வருத்தக்காரரின்ர கிட்னிக்கு நல்லதும் கூட. டைக்ளோஃபெனக் உள்வாய்க்காலை ஒடுக்கும். அம்மம்மாவுக்கு மூத்திரம் போக ஃபுரோசமைட் வேற இருக்கு, அது இரணைமடுக் குளத்தின்ர மட்டத்தையே இறக்கின மாதிரி. மூண்டும் ஒண்டாச் சேர, ஆவணி வெயிலில நாள் முழுக்கத் தோட்டத்தில நிண்டு வேர்த்துக் கொட்ட, வடி நிண்டுபோகும். வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் கனபேருக்கு இருக்கு, அதின்ர காரணம் வேற கதை, ஆனா ஏற்கெனவே பழுதான கிட்னிக்கு மேல நோக் குளிசையைக் கச்சான் மாதிரிப் போடுறதைப் பாத்தா எனக்கு விசர் வரும்.

மிச்சக் கவர்களில பிரச்சினை இல்லை. மெட்ஃபோர்மின் ஈரலைப் பாத்து, சீனியை இவ்வளவு அவிட்டு விடாதை எண்டும். கிளிக்கிளசைட் வேற மாதிரி, கணையத்தை அமத்தி இன்சுலினைப் பிழியும், அதைக் குடிச்சுப்போட்டுக் கோயில் விரதமெண்டு பட்டினி கிடந்தா சீனி விழுந்து மயங்கிப்போவா. ஓமெப்ரசோல் வயித்து அசிட் பம்பை நிப்பாட்டும், பம்ப் சாப்பாட்டோடதான் ஓடத் தொடங்கும், அதாலதான் சாப்பிட அரை மணித்தியாலம் முந்திக் குடிக்கச் சொல்லுறது, அம்மம்மா சோத்துக்குப் பிறகு குடிச்சுப்போட்டு எரியுது எரியுது எண்டுகொண்டு இருந்திருக்கிறா.

அடுத்த நாளே கொப்பியும் பையுமாக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். டொக்டர் டெல்மிசார்டனை வெட்டினார், இரத்தம் எடுத்து, கிட்னி எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற கிரியேற்றினின் பாக்கச் சொன்னார், நோக் குளிசை தொடவே கூடாதெண்டார்.

"அப்ப என்ர முழங்காலுக்கு?" எண்டு அம்மம்மா அங்கயே சண்டை.

பனடோல், அதுதான் பரசிற்றமோல், எழுதினார். அது கூடுதலா மூளைப் பக்கம்தான் வேலை செய்யிறது, கிட்னி வாய்க்காலில டைக்ளோஃபெனக் மாதிரிக் கை வைக்காது, வீக்கத்துக்கும் பெரிசா ஒண்டும் செய்யாது, ஒரு நாளைக்கு எட்டுக் குளிசையைத் தாண்டினா ஈரலுக்குக் கூடாது. அவ கேட்டது அந்த 'வீக்கத்துக்குச் செய்யாது' மட்டும்தான். வீட்டை வந்து பாத்தா நல்லெண்ணெய்ப் போத்தலை அடுப்படியில தேடிக்கொண்டு நிக்கிறா.