ஆன்போர்டிங்குக்குத் தமிழில் என்ன?

கொழும்பில் ‘போர்டிங்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ படிக்கவோ வேலை பார்க்கவோ வந்த பிள்ளை வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கினால், “போடிங்கில் நிற்கிறான்” என்பார்கள். அதனால், எங்கள் வலைச்செயலியின் வேலைப் பட்டியலில் ‘ஆன்போர்டிங் டூர்’ என்று ஒரு வரியைப் பார்த்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்ட கேள்வியில் பிழை இல்லை. “அண்ணா, இது அறை பிடிச்சுக் குடுக்கிற வேலையோ?”

அறை இல்லை. ஆனால் உறவு உண்டு. இரண்டும் ஒரே மரத்தில் அறுத்த பலகை.

பழைய ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்றால் பலகை. கப்பலின் பக்கச்சுவரும் பலகைதான் என்பதால் அதற்கும் அதே பெயர். பலகைக்கு உள்ளே வந்துவிட்டவர் ‘ஆன் போர்ட்’, தவறி விழுந்தவர் ‘ஓவர்போர்ட்’. அதே பலகைக்குக் கால் வைத்தால் சாப்பாட்டு மேசை. மேசையிலிருந்து சாப்பாட்டுக்குப் பெயர் போனது, சாப்பாட்டோடு தங்குமிடம் தருவது ‘போர்டிங்’ ஆனது. வெள்ளவத்தை போடிங்கில் இப்போது பெரும்பாலும் சாப்பாடு கிடையாது, பெயர் மட்டும் மிச்சம்.

கப்பல் வழியாக வந்த கிளையைத்தான் அமெரிக்க நிறுவனங்களின் ஆளணிப் பிரிவுகள் எடுத்துக்கொண்டன. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு ஆட்களைக் காட்டி, கடவுச்சொல் கொடுத்து, விடுமுறைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லி வேலையில் பொருத்துவது ஆன்போர்டிங். அங்கிருந்து மென்பொருள்காரர்கள் அதைத் தூக்கினார்கள். செயலியை முதன்முறை திறக்கிறவரும் புதிதாக வந்தவர்தானே. திரையை மங்கலாக்கி, ஒரு பொத்தானை மட்டும் வெளிச்சமாக விட்டு, பக்கத்தில் சின்னப் பெட்டியில் “புதிய பில் போட இங்கே அழுத்துங்கள்” என்று எழுதி, ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று கூட்டிக்கொண்டு போகிற அந்த ஏற்பாடுதான் ஆன்போர்டிங் டூர்.

இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘கப்பலேற்றல்’. தமிழில் கப்பலேறுவது என்ன என்று உங்களுக்கே தெரியும்: மானம். புதிய வாடிக்கையாளரை வரவேற்கும் திரையில் வைக்கிற சொல் அல்ல அது.

சரி, டூருக்கு வருவோம். கிரேக்கத்தில் வட்டம் போடும் கருவிக்கும் கடைசல் பொறிக்கும் ‘தோர்னோஸ்’ என்று பெயர். அது இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் ‘தூர்’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதுதான் டூர். தமிழில் ‘சுற்றுலா’ என்று ஆக்கியவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்: சுற்றும் இருக்கிறது, அரசனோ கடவுளோ வீதியில் பவனி வரும் உலாவும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் இப்போது நுவரெலியாவுக்குப் போகிற பஸ்ஸில் நிரந்தரமாக ஏறி உட்கார்ந்துவிட்டது. இறக்க முடியாது.

முதல் பதிப்பில் நாங்கள் அதைத்தான் வைத்தோம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் செயலி மொத்த வியாபாரக் கடைகளுக்கானது: சரக்கு வரவு, இருப்பு, பில். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் அதைப் போட்டுக் காட்டப் போனேன். வெளியே லொறியிலிருந்து வெங்காய மூட்டை இறங்குகிறது, மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் ‘வழி, வழி’ என்று வண்டி தள்ளுகிறார்கள். உள்ளே கணக்குப் பார்க்கிற அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். ‘சுற்றுலாவைத் தொடங்கவா?’ என்று கேட்டது திரை.

“தம்பி, இது என்ன, என்னைச் சுற்றுலா கூப்பிடுது? எனக்கு இப்ப லோட் இறங்குது.”

‘தவிர்’ என்பதை அழுத்தினார். அடுத்த நாள் பக்கத்து மேசைக் கணினியில் திறந்தபோது மறுபடியும் அதே கேள்வி. அது முழுக்க எங்கள் பிழை. டூர் காட்டியாயிற்று என்ற குறிப்பை அந்தந்த உலாவியின் சேமிப்பில் மட்டும் எழுதி வைத்திருந்தோம். கணினி மாறினால் செயலிக்கு ஆளைத் தெரியாது. அந்தக் குறிப்பு சேவையகத்தில், பாவனையாளரின் கணக்கோடு இருக்க வேண்டியது. புதிதாக டூர் கட்டுகிறவர்கள் பலர் விழுகிற குழி இது.

டூர் கட்ட உதவும் திறந்த மூல நிரல்தொகுப்புகளின் பெயர்களைப் பார்த்தால், அவற்றை எழுதியவர்களுக்கும் உவமை பிடிபடவில்லையோ என்று தோன்றும். ஷெப்பர்ட் என்று ஒன்று: மேய்ப்பர், அப்படியென்றால் நாங்கள் ஆடு. டிரைவர் என்று ஒன்று: சாரதி ஓட்டுவார், நாங்கள் சும்மா இருக்கலாம். ரியாக்ட் ஜாய்ரைட் வெறும் உல்லாசச் சவாரி. லிங்க்ட்இன் வெளியிட்டது ஹொப்ஸ்கொச், தரையில் கட்டம் கீறிக் கெந்தி விளையாடும் விளையாட்டு. பொத்தானைச் சுட்டும் சின்னப் பெட்டிக்கு ‘கோச் மார்க்’ என்றும் பெயர் உண்டு. அந்த ‘கோச்’ ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டியிலிருந்து கிளம்பி ஐரோப்பா முழுக்க ஓடிய சொல். மாணவனைப் பரீட்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் என்று ஆசிரியருக்கும் அது பட்டப்பெயரானது. எங்கள் பாட்டிமார் ரயிலைக் ‘கோச்சி’ என்றார்களே, அதுவும் அந்த வண்டிதான்.

கப்பல், சவாரி, குதிரை வண்டி. ஆங்கிலத்தில் புதியவரை எதிலாவது ஏற்றிவிட்டுத்தான் பேச்சு. தமிழில் இதற்கு வாகனம் தேவைப்படவில்லை. நடந்து போகிறவருக்கு வழி சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆற்றுப்படையைத்தான் சொல்கிறேன். ஆறு என்றால் வழி, படை என்பது படுத்துதல், அதாவது அந்த வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டில் சரிபாதி இந்த வகை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், வழியில் பசியோடு வருகிற இன்னொரு பாணனைப் பார்த்து, இப்படிப் போ, இன்னார் இருப்பார், இது கிடைக்கும் என்று சொல்வது. சிறுபாணாற்றுப்படையில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சாப்பாடு: எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிக்கறிச் சோறும் இறைச்சியும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு செய்தி. எங்கள் முதல் டூரில் ஒரு பெட்டிக்குள் ஐந்து வாக்கியம் இருந்தது.

‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்கிறது தொல்காப்பியம். நான் பெற்றதை இன்னும் பெறாத உனக்குச் சொல்கிறேன். அதற்கு முன்னாலேயே ‘ஆற்றிடைக் காட்சி’ என்று ஒரு சொல் வருகிறது, அதுதான் எனக்கு முக்கியம். சந்திப்பு வழியில் நடக்கிறது, வாசலில் அல்ல. கேட்கிறவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டார், பசியும் இருக்கிறது. வாசலில் மறித்து, பசிக்காதவருக்குப் பதினொரு நிறுத்தம் சொன்னால் ‘தவிர்’ என்பதைத் தவிர வேறெதை அழுத்துவார்?

பிறகு ஏன் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றே வைக்கவில்லை? இலங்கையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை வந்துவிட்டது. போருக்கும் சுனாமிக்கும் பிறகு மனம் உடைந்தவர்களுக்குத் துணை நிற்கும் சேவையை உள ஆற்றுப்படுத்தல் என்றார்கள், அதைச் செய்கிறவர் ஆற்றுப்படுத்துநர். கேட்கிறவர் காதில் ஆறு போய், ஆறுதல் வந்துவிட்டது. பில் போடுகிற செயலியில் அதை எழுதினால், வியாபாரம் படுத்ததற்கு ஆறுதல் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

நம்மிடம் வேறு சொற்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவருக்கு முதல் வாரம் நடப்பது திசைமுகப்படுத்தல். ஆங்கில ‘ஓரியன்டேஷன்’ என்பதன் தமிழ் அது. கிழக்குப் பார்க்க நிறுத்துதல் என்ற மூலப் பொருளுக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் கைபேசித் திரையின் பொத்தானில் அடங்காது. சேவைக்குள் ‘உள்ளீர்த்தல்’ என்று பத்திரிகைகள் எழுதுவது ஆளணி வேலைக்கு ஓரளவு சரி, ஆனாலும் அது நியமனத்தைச் சொல்கிறது, பழக்குவதைச் சொல்லவில்லை. ‘அறிமுகம்’ முகத்தைக் காட்டும், வழியைக் காட்டாது.

என் தெரிவு இது. ஆவணத்தில், கூட்டத்தில், விலைமனுவில் எழுத ‘புதுமுக வழிகாட்டல்’. நிறுவனத்துக்கு வந்த புதியவருக்கும் செயலிக்கு வந்த புதியவருக்கும் இரண்டுக்கும் நிற்கும். ‘புகுமுகம்’ என்று எழுதிவிடாதீர்கள், அது பரீட்சை எழுதி உள்ளே போவது. திரையில் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘எப்படி என்று காட்டவா?’ போதும். பொத்தான்களில் ‘காட்டுங்கள்’, ‘பிறகு பார்க்கிறேன்’. கடைசிப் பெட்டியில் தமிழ்நாட்டுப் பதிப்புக்குப் ‘புரிந்தது’, இங்கே ‘விளங்கியது’.

பதினொரு நிறுத்தத்தை நான்காக்கினோம். அவையும் ஒன்றாக வருவதில்லை. முதல் பில்லைத் திறக்கும்போது பில்லுக்கானது, முதல் லோட் வந்து வரவு வைக்கும்போது அதற்கானது. பொத்தான் திரைக்கு வந்து சேரும் முன் பெட்டி வந்து வெறும் இடத்தைச் சுட்டிக்கொண்டு நின்ற கூத்தையும் சரிசெய்தாயிற்று. அண்ணைக்குக் காட்டினேன். ‘எப்படி என்று காட்டவா?’ என்பதை வாசித்துவிட்டு, “ம், காட்டு” என்றார், திரையைப் பார்த்து.

முதல் பெட்டி வந்தது: ‘இது உங்கள் டாஷ்போர்ட்.’

“அது என்ன தம்பி?”

குதிரைக் குளம்பு தெறிக்கும் சேறு மேலே படாமல் வண்டிக்கு முன்னால் அடித்த பலகை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, திரும்பி வந்து ‘முகப்பு’ என்று மாற்றினேன்.