சிறுநீர்க் கசிவு: வகை தெரியாமல் மாத்திரை வேண்டாம்

இருமும்போது சில சொட்டுகள் கசிவதும், கழிவறைக் கதவைத் திறப்பதற்குள் உடை நனைந்துவிடுவதும், நாள் முழுவதும் சொட்டிக்கொண்டே இருப்பதும் கேட்பதற்கு ஒரே தொல்லையாகத் தோன்றினாலும், மூன்றுக்கும் காரணம் வேறு, சிகிச்சையும் வேறு. உறவினருக்குக் குணம் தந்த மாத்திரையைத் தாமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பலன் இல்லாமல் வருபவர்களைத் தொடர்ந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல் என வயிற்றில் அழுத்தம் கூடும் நேரத்தில் மட்டும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. பிரசவம், உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்துபோவதே பெண்களிடம் இதற்கு முக்கியக் காரணம். ஆண்களுக்குப் பெரும்பாலும், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் அறுவை செய்த பிறகு வருகிறது. இதற்கு முதல் சிகிச்சை, அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் விவரித்த தசைப் பயிற்சிதான். ஆனால் "செய்து காட்டுங்கள்" என்று கேட்டால், பலர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாக முக்கிக் கீழே தள்ளுகிறார்கள். அது கசிவைக் கூட்டவே செய்யும். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, சில விநாடி பிடித்து, முழுமையாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும் என்பதால், இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் சரியன்று. பயிற்சி போதாதவர்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயான சிறுநீர்த் தாரையைத் தாங்கிப்பிடிக்கும் அறுவை சிகிச்சைகள் உண்டு.

திடீரென அடக்க முடியாத அவசரம் வந்து, அதனோடு கசிந்தால் அது அவசரக் கசிவு. சிறுநீர்ப்பை நிரம்பும் முன்பே அதன் தசை தானாகச் சுருங்குவதால் வருவது. கிருமித்தொற்று இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகு, என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று 3 நாளுக்குக் குறித்துவரச் சொல்வேன். காபி, தேநீரைக் குறைத்து, போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியே பலருக்கு நல்ல பலன் தருகிறது. பிறகுதான் சோலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்ற மாத்திரைகள். முன்னது முதியவர்களுக்கு வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும், சில வேளை மனக்குழப்பத்தையும் தரும். பின்னதற்கு ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். இவற்றுக்கும் கட்டுப்படாவிட்டால் பையின் சுவரில், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடலாம், சில மாதங்களில் அதன் பலன் குறைந்ததும் மீண்டும் போட வேண்டியிருக்கும். இவ்விரு வகைக் கசிவும் ஒருவருக்கே இருப்பதும் சாதாரணம்.

பேருந்துப் பயணத்துக்கு அஞ்சித் தண்ணீரையே நிறுத்திவிடும் பெண்கள் எத்தனையோ பேர். அடர்த்தியான சிறுநீர் பையை எரிச்சலூட்டுவதால் அவசரம் கூடுமே தவிர, குறையாது.

நான் மிகவும் அஞ்சுவது வழிவுக் கசிவை. புராஸ்டேட் வீக்கத்தாலோ, நீண்டகாலச் சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்படுவதாலோ பை முழுமையாகக் காலியாகாமல், தேங்கியது சொட்டுச் சொட்டாக வழிகிறது. அடிக்கடி போவதால் இதுவும் அவசரக் கசிவைப் போலவே தோன்றும். அவசரக் கசிவுக்குத் தரும், பையைத் தளர்த்தும் மாத்திரையை இவர்களுக்குக் கொடுத்தால் சிறுநீர் முற்றிலும் அடைபட்டுவிடக்கூடும். தேக்கம் நீடித்தால் சிறுநீரகமே பழுதாகும். ஆகவே, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மீதம் என்று ஸ்கேனில் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடைப்பை மருந்தாலோ அறுவையாலோ நீக்கலாம். நரம்புப் பாதிப்புள்ளவர்கள் நாளுக்குச் சில முறை தாமே மெல்லிய குழாய் செலுத்தி வெளியேற்றக் கற்றுக்கொள்ளலாம்.

மூட்டுவலியாலோ மறதி நோயாலோ கழிவறையை அடைய முடியாத முதியவருக்கு, மருந்தைவிடக் கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலியும் இரவு விளக்கும் அதிகம் உதவும்.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கருப்பை அறுவைக்குப் பின் இடைவிடாமல் கசிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். முதுகுவலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்பாடு திடீரெனப் போனால், அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.