ஃபிஷ் ஃபைண்டர்ல ஆழத்தைப் பாத்துட்டு தூண்டில் விடுங்க

சேலத்துல மீன்வளம் சம்பந்தமா வேலை பாக்கறவன் நான், பரிசல்ல போய், சத்தத்தை அனுப்பி எதிரொலியை வச்சு அளக்கற சோனார் கருவியால ஏரி ஆழம் பாக்கறதும் என் தொழில்ல ஒரு பகுதி. அதனாலயே நம்ம ஊர்ல இருந்து டொரன்டோ பக்கம் போன பசங்க குளிர்காலம் வந்தா போதும், "அண்ணா, சிம்கோ ஏரி உறைஞ்சிருச்சு, ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் புடிக்கப் போறோம், எந்த ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாம்"னு மெசேஜ் போடுவாங்க. ஃபிஷ் ஃபைண்டர்ங்கறது தண்ணிக்குள்ள ஆழத்தையும் மீனையும் திரையில காட்டற சின்ன சோனார்தான். எது வாங்கினாலும் சரி தம்பி, அது காட்டற ஆழத்தை எப்படி எடுத்துக்கறதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

ஓட்டைக்குள்ள தொங்கவிடற, சத்தத்தை அனுப்பி வாங்கற டிரான்ஸ்டியூசர்ங்கற பாகம் நம்ம காதுக்கு கேக்காத சத்தத்தை, பெரும்பாலும் 200 கிலோஹெர்ட்ஸ், கீழ அனுப்பும். குளிர்ந்த நன்னீர்ல அது செகண்டுக்கு சுமார் 1,400 மீட்டர் வேகத்துல போய் தரையிலயோ மீன் மேலயோ பட்டு திரும்பி வரும், வர்ற நேரத்தை வச்சு மெஷின் ஆழத்தை கணக்குப் போட்டுடும். மீன் மேல பட்டுன்னு சொன்னேன் இல்லீங்களா, மீனோட சதை கிட்டத்தட்ட தண்ணி மாதிரியே இருக்கறதால அதுல இருந்து எதிரொலி ரொம்ப கம்மி, பெரும்பங்கு எதிரொலி வர்றது வயித்துக்குள்ள இருக்கற காத்துப்பையில இருந்துதான். திரையில நீங்க பாக்கற கோடு அந்தக் காத்துதான்.

அந்தக் காத்துதான் பிரச்சனையும்.

சேலத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கறதுக்குள்ள உப்பி நிக்கறத எல்லாரும் பாத்திருப்போம். அவ்ளோ உயரம் ஏறியும் அங்க குறையற காத்தழுத்தம் ஏழுல ஒரு பங்கு கூட இருக்காது, ஆனா தண்ணிக்குள்ள 10 மீட்டர் ஆழத்துல இருந்து மீனை மேல இழுத்தா அழுத்தம் நேர் பாதியாயிடும், பையில இருக்கற காத்து ரெண்டு மடங்கா விரியும், 20 மீட்டர்னா மூணு மடங்கு. வயிறு உப்பி, கண்ணு பிதுங்கி, சில மீனுக்கு இரைப்பையே வாய் வழியா வெளிய தள்ளிடும். அதை திருப்பி ஓட்டைக்குள்ள விட்டாலும் கீழ இறங்க முடியாம ஐஸுக்கு அடியில ஒட்டிக்கிட்டு கிடந்து செத்துட வாய்ப்பு அதிகம்.

எல்லா மீனுக்கும் இப்படி ஆகாது. நம்ம கட்லா, ரோகுக்கு காத்துப்பையில இருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கு, அங்க ஏரியில இருக்கற லேக் ட்ரவுட் மீனுக்கும் இருக்கு, மெதுவா இழுத்தா வழியிலயே குமிழி குமிழியா காத்தை விட்டுடும். நம்ம ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) அந்தக் குழாய் கிடையாது, அதே மாதிரிதான் ஐஸ்ல அதிகம் மாட்டற பெர்ச், வால்ஐங்கற மீன்களும், காத்தை ரத்தம் வழியா மெதுவாத்தான் குறைக்க முடியும், அதுக்கு மணிக்கணக்குல ஆகும், நீங்க இழுக்கறதோ ஒரு நிமிஷத்துல.

அங்க சட்டப்படி சில சைஸ் மீனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, எண்ணிக்கைக்கும் அளவு இருக்கு. அப்போ 40 அடியில (சுமார் 12 மீட்டர்) இருந்து இழுத்த அப்படிப்பட்ட மீனை வச்சுக்கவும் முடியாது, விட்டாலும் பொழைக்கறது சந்தேகம். அதனாலதான் சொல்றேன், தூண்டில் விடறதுக்கு முன்னாடியே ஆழத்தைச் சொல்ற சாமான் கையில இருக்கு, அதைப் பாத்து முடிவு பண்ணுங்க. புடிச்சு விடறது மட்டும்தான் எண்ணம்னா 30 அடியைத் தாண்டின ஆழத்துல பெர்ச் கூட்டம் எவ்ளோ அடர்த்தியா தெரிஞ்சாலும் அந்த ஓட்டையை விட்டுட்டு ஆழம் கம்மியான இடத்துக்கு நகருங்க. சாப்பிடறதுக்குன்னா அனுமதிச்ச அளவு வந்ததும் தூண்டிலை சுருட்டிடுங்க, "சும்மா இன்னும் ரெண்டு புடிச்சு விடுவோம்"ங்கறது அந்த ஆழத்துல வேணவே வேணாம்.

இன்னொண்ணு, ஃபிஷ் ஃபைண்டர் தண்ணி ஆழத்தைத்தான் காட்டும், நீங்க நிக்கற ஐஸ் எவ்ளோ கெட்டின்னு அதுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி தெளிவான புது ஐஸ் நடக்கறதுக்கே குறைஞ்சது 4 இன்ச் வேணும், வெள்ளையா பனி கலந்திருந்தா அதுல ரெண்டு மடங்கு. கடப்பாரையால தட்டித் தட்டி அளந்துட்டே போங்க, தனியா போகாதீங்க.

அப்படியும் ஆழத்துல இருந்து ஒண்ணு வந்துட்டா போட்டோவுக்காக ஐஸ் மேல போட்டு வைக்காதீங்க, மைனஸ் 15ல கண்ணும் செவுளும் சீக்கிரமே உறைஞ்சுடும். யூட்யூப் பாத்துட்டு ஊசியால குத்தி காத்தை எடுக்கறேன்னு இறங்கறதும் வேணாம், பழக்கமில்லாத கை பக்கத்துல இருக்கற ஈரலையோ குடலையோ கிழிச்சுடும், வெளிய தள்ளி நிக்கற இரைப்பையை காத்துப்பைன்னு நெனச்சு குத்தறவங்களும் உண்டு. சட்டப்படி வச்சுக்கற சைஸா இருந்தா வச்சுக்கிட்டு கணக்குல சேத்துக்கோங்க, இல்லேன்னா உடனே தலைகீழா ஓட்டைக்குள்ள விட்டுட்டு, அந்த இடத்துல அதோட தூண்டில் போடறத நிறுத்திடுங்க.